விலை சொன்னவன் வாங்கக் கூடாது

ஹார்லன் க்விஸ்டுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு சாமானுக்குத்தான் சரியாக விலை சொல்லத் தெரியும். பழைய ரிவால்வர். மற்ற எதை வாங்கப் போனாலும், கடைக்காரர்கள் அவனைத் தெருமுனையில் பார்த்ததுமே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பாதிரியார் விற்கிறாரே, பொய்யா சொல்வார் என்று நம்பி ஒருமுறை பிக்கப் வண்டி வாங்கினான். பாதிரியார் பொய் சொல்லவில்லை. "நல்லா ஓடிச்சு" என்றுதான் சொன்னார். "நல்லா ஓடும்" என்று அவர் சொன்னதாக ஹார்லனே நினைத்துக்கொண்டான். பனிக்காலம் முடிவதற்குள் கியர் கம்பி கையோடு வந்துவிட்டது. அந்தக் கம்பியைப் பிடித்தபடியே நாலு மைல் நடந்து என் கடைக்கு வந்து காபி கேட்டான்.

கார்னெட் க்ரீக்கில் காபிக்கடை என்று இருப்பது என்னுடையது மட்டும்தான். அதனால் ஊரில் யாருக்கு என்ன நடந்தாலும் மேவிஸாகிய எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்துகொள்ள நான் எந்த முயற்சியும் எடுப்பதில்லை. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்றால் போதும், மொன்டானா மாநிலத்தின் பாதி ரகசியங்கள் நடந்து வந்து முட்டை ஆர்டர் பண்ணும்.

ஹார்லன், கவுண்டி என்கிற எங்கள் மாவட்ட நிர்வாகத்தின் பனி தள்ளும் வண்டியை ஓட்டினான். டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஊருக்கே அவன்தான் ராஜா. மற்ற மாதங்களில் சாலைக் குழிகளை அடைப்பான், அப்போது எல்லோரும் திட்டுவார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், யாரும் கேட்கவில்லை என்பான். சனிக்கிழமை காலை மட்டும் சட்டைக்கு எல்லாப் பித்தானும் போட்டுக்கொண்டு, ஜன்னலோரத்து மேஜையில் உட்காருவான். அன்றைக்குத்தான் சுற்றுவட்டாரத்திலிருந்து துப்பாக்கி வரும்.

துண்டில் சுற்றி வரும், காலுறையில் வரும், ஒரு தடவை குழந்தையின் டயப்பரில் சுற்றி வந்தது. அப்பா செத்தபின் பரண்மேல் கிடைத்தது, மாமனார் கொடுத்தது, சண்டைபோட்ட கணவன் விட்டுப்போனது என்று எல்லாம் வரும். விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்பார்கள். ஆனால் யாரும் முதலில் துப்பாக்கியை எடுப்பதில்லை, கதையைத்தான் எடுப்பார்கள்.

"இது சாதாரணத் துப்பாக்கி இல்லீங்க. எங்க தாத்தா ஒரு ரயில் கொள்ளைக்காரன் இடுப்புலேர்ந்து பிடுங்கினது."

ஹார்லன் ஒரு காலிக் கோப்பையை எடுத்து மேஜையில் கவிழ்ப்பான்.

"கதையை இதுக்கு அடியில வச்சிட்டேன். பத்திரமா இருக்கும். இப்ப துப்பாக்கியைக் குடுங்க."

எங்கள் கவுண்டியில் அந்த ரயில் கொள்ளைக்காரனிடமிருந்து பிடுங்கப்பட்ட ரிவால்வர்கள் மட்டும் முப்பதுக்குக் குறையாது. அவ்வளவையும் இடுப்பில் கட்டிக்கொண்டு அந்தப் பாவி ரயிலில் எப்படி ஏறினான் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

துப்பாக்கி கைக்கு வந்ததும் ஹார்லன் வேறு ஆளாகிவிடுவான். முதலில் குண்டு இருக்கிறதா என்று பார்ப்பான். பிறகு ஒரு கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி மாட்டிக்கொள்வான். பார்க்கச் சகிக்காது. அடிப்பக்கத்தில் மூன்று இடத்தில் எண் குத்தியிருக்கும், மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பான். திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால் உச்சுக்கொட்டுவான். யாரோ வெண்ணெய் தடவும் கத்தியால் கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பின்னால் இருக்கும் சுத்தியைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு சத்தம் கேட்பான். நாலு சத்தம் வரவேண்டும். மூன்று வந்தால் துக்கவீட்டில் சொல்வதுபோல, "உள்ளே ஒண்ணு போயிடுச்சு" என்பான். கடைசியாக முகர்ந்து பார்ப்பான். எதற்கு முகர்கிறாய் என்று கேட்டேன். வீடு தெரியும் என்றான். பன்றிக்கொழுப்பு போட்ட வீடு, தையல் மிஷின் எண்ணெய் போட்ட வீடு, ஒன்றுமே போடாத சோம்பேறி வீடு என்று அவனுக்கு மூக்கில் ஒரு கணக்கு.

எல்லாவற்றையும்விட அவன் பார்ப்பது நிறத்தை. நூறு வருஷம் கைபட்டு, வியர்வை பட்டு, தோலுறையில் உரசி, இரும்புக்கு ஒரு பழுப்பு நிறம் வரும். வாங்குகிறவர்கள் அந்தப் பழுப்புக்குத்தான் பணம் கொடுப்பார்கள். இது தெரியாமல், விற்பதற்கு முன் சுத்தமாக இருக்கட்டுமே என்று ஜனங்கள் அதைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் கொண்டுவருவார்கள். எங்களுடையது நார்வேக்காரர்களும் ஸ்வீடன்காரர்களும் வந்து குடியேறிய ஊர். எங்கள் பெண்களுக்கு ஒரு பொருள் அழுக்காக இருக்கிறதே என்று தோன்றினால் கை தானாகக் கம்பி நாரைத் தேடும். அப்படித் தேய்த்த துப்பாக்கியைக் கண்டால் மட்டும் ஹார்லனுக்குக் கோபம் வரும். வங்கி மேனேஜரிடமே, "உங்க அப்பா கல்லறையில எழுதியிருக்கறதையும் தேய்ச்சு எடுத்துட்டு வந்திருக்கலாமே" என்று கத்தியிருக்கிறான். பக்கத்து மேஜையில் பின்னல் வேலை செய்துகொண்டிருந்த செல்மா லண்ட் அன்றைக்கு ஒரு வரிசையைத் தவறவிட்டுவிட்டுப் பிரித்துப் பின்னினாள்.

செல்மாவும் அவள் கணவன் ஆர்னேயும் தவறாமல் சனிக்கிழமை வருவார்கள். ஆர்னே வருவது ஹார்லனைச் சீண்டுவதற்கு. செல்மா வருவது ஆர்னேயை வீட்டுக்குத் திரும்ப அழைத்துப்போவதற்கு.

கியர் கம்பி கதை சொன்னேனே, அதன் மிச்சம் இதுதான். அன்றைக்குப் பண்ணை ஒன்றில் ஏலம். அதில் ஒரு ரிவால்வர் வருகிறது என்று ஹார்லனுக்குத் தெரியும். முன்பே போய்ப் பார்த்துவிட்டு வந்து, மூன்று நாள் சோறு இறங்காமல் திரிந்தான். நீளக் குழல், வால்நட் மரப்பிடி, தேன் ஊற்றிக் காயவைத்த மாதிரி ஒரு பழுப்பு. பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான், பாதிரியாரின் வண்டி பாதிவழியில் படுத்துவிட்டது. அவன் என் கடையில் உட்கார்ந்து காபியை ஊதிக்கொண்டிருந்தபோது ஆர்னே உள்ளே வந்து, சட்டைக்குள்ளிருந்து அதே ரிவால்வரை எடுத்து மேஜையில் வைத்தான்.

"யாருமே கேக்கலைப்பா. சும்மா கையைத் தூக்கினேன், என் தலையில கட்டிட்டாங்க. எவ்வளவு பெறும், சொல்லு."

ஹார்லன் வாயைத் திறந்தான். திறந்த வாயை அப்படியே மூடினான். ஏனென்றால் எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. ஹார்லன் விலை சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு முடிதிருத்துகிறவர் துப்பாக்கிக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு விதவையின் துப்பாக்கிக்கு இருபது டாலர் என்று சொல்லித் தானே வாங்கி, நகரத்தில் பத்து மடங்குக்கு விற்றார். அதற்குப் பிறகு அவரிடம் யாரும் முடிகூட வெட்டிக்கொள்ளவில்லை. அப்போது ஹார்லன்தான் சட்டம் போட்டான். விலை சொன்னவன் வாங்கக் கூடாது. தானே போட்ட சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டு, மேஜைமேல் இருந்த ரிவால்வரைப் பார்த்தான், கையிலிருந்த கியர் கம்பியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"காபி நல்லா இருக்கு, மேவிஸ்" என்றான்.

ஆர்னேக்குப் புரிந்துவிட்டது. அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை, அவன் பிள்ளை பிறந்தபோதுகூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் மான் வேட்டை தொடங்கும் நாளன்று காலையில் அந்த ரிவால்வரைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, ஹார்லனின் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பான்.

"ஒரு விலை சொல்லுடா ஹார்லன். நீ சொல்ற விலைக்கே உனக்குத் தர்றேன்."

"காபி நல்லா இருக்கு, மேவிஸ்."

"வேற யாரையாச்சும் சொல்லச் சொல்லேன், ஆர்னே" என்று நான் நடுவில் புகுந்தால், "அதெல்லாம் முடியாது. துரை வாயால வரணும்" என்பான்.

விலை சொன்னால் வாங்க முடியாது. சொல்லாவிட்டால் ஆர்னே கொடுக்க மாட்டான். இப்படியே இருபத்தாறு வருஷம். காபி தீய்ந்துபோன வருஷமும் உண்டு, அன்றைக்கும் நல்லா இருக்கு என்றுதான் சொன்னான். அவன் முகர்ந்தும் பார்க்காமல் ஒரு பொருளைப் பாராட்டியது அந்த ஒன்றைத்தான்.

போன பனிக்காலத்தில் ஆர்னேக்கு நுரையீரல் கெட்டது. வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கவுண்டி சாலை லண்ட் வீட்டின் தபால்பெட்டியோடு முடிகிறது. அதற்கு மேல் அவர்கள் சொந்தப் பாதை, அரசாங்க வண்டி தொடக்கூடாது. ஆனால் அந்தப் பனிக்காலம் முழுக்க, விடிவதற்கு முன்னால் ஹார்லனின் வண்டிக்கு அந்தத் தபால்பெட்டி அருகே மட்டும் பிரேக் பிடிக்காமல் போய்விடும். வீட்டு வாசல்வரை போய்த்தான் நிற்கும். மேலதிகாரி கேட்டபோது, "பழைய வண்டி சார், அதுக்கே தோணுது" என்றான். ஆர்னே ஜன்னலில் நின்று பார்ப்பானாம். கையசைக்க மாட்டானாம். "திருடன், விலை சொல்லாம வாங்கப் பாக்கறான்" என்று செல்மாவிடம் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொள்வானாம்.

மார்ச்சில் ஆர்னே போய்விட்டான். அடக்கத்துக்குப் பிறகு மகன் வெர்னன் சாமான்களைக் கணக்கெடுத்தான். பில்லிங்ஸ் நகரத்தில் மெத்தைக்கடை வைத்திருக்கிறான். நல்ல பையன்தான், ஆனால் எதைப் பார்த்தாலும் நீளம் அகலம் அளக்கிற பையன். தானும் இரண்டு தங்கைகளும் சண்டைபோடக் கூடாது என்று அவனே ஒரு ஏற்பாடு செய்தான். ஐநூறு டாலரோ அதற்கு மேலோ பெறுகிற சாமானை விற்று மூன்று பங்கு, ஐநூறுக்குக் கீழே இருப்பது அம்மாவுடையது, அவள் இஷ்டம். ரிவால்வரை நகரத்து ஏலத்துக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்றான்.

"முதல்ல ஹார்லன் விலை சொல்லட்டும்" என்றாள் செல்மா. "அவன் சொன்னா ஒத்துக்கறேன். வேற எவன் சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை மாலை கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து ஹார்லன் வந்தான். உட்காராமல் நின்றான்.

"நாளைக்கு நான் வரலைன்னா என்ன ஆகும், மேவிஸ்?"

"வெர்னன் ஏலத்துக்கு எடுத்துட்டுப் போவான்."

"ஏலத்துல நானும் கேக்கலாம் இல்ல?"

"தாராளமா. விலை சொல்லாதவன் வாங்கலாமே. காசு சேத்து வச்சிருக்கேல்ல?"

"இருபத்தாறு வருஷமா சேத்திருக்கேன்." தொப்பியைக் கையில் சுற்றினான். "ஆனா ஏலத்துல போனா அந்த நகரத்துப் பசங்க கூடிப் பேசிக்கிட்டு அடிமாட்டு விலைக்குத் தட்டிட்டுப் போவாங்க. செல்மா கேட்டுட்டா, மேவிஸ். கேட்டதே இல்ல அவ, இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல."

எனக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. அவனிடம் அதைக் காட்டினால் ஓடிவிடுவான். "அப்ப பித்தானெல்லாம் ஒழுங்கா போட்டுட்டு வா" என்று அனுப்பினேன்.

சனிக்கிழமை கடை நிறைந்திருந்தது. எல்லோரும் சாப்பிட வந்தவர்கள் மாதிரி நடித்துக்கொண்டிருந்தார்கள். செல்மா வழக்கமான பக்கத்து மேஜைக்குப் போகாமல் ஹார்லனுக்கு எதிரே உட்கார்ந்தாள். வெர்னன் அவளுக்குப் பக்கத்தில். சமையலறைத் துண்டை மேஜையில் வைத்து நான்கு முனைகளையும் விரித்தாள்.

உள்ளே இருந்தது கல்யாணத்துக்கு வாங்கின புது ஸ்பூன் மாதிரி மின்னியது.

யாரோ இருமினார்கள். ஹார்லன் பேயறைந்தவன்போல உட்கார்ந்திருந்தான். அந்தத் தேன் நிறம் இல்லை. தோலுறை உரசிய தழும்பில்லை. குழலிலிருந்து பிடிவரை வெள்ளை வெளேரென்று ஒரே பளபளப்பு.

"அம்மாவே சுத்தம் பண்ணினாங்க" என்றான் வெர்னன் பெருமையாக. "கறை ஒண்ணு இல்ல பாருங்க, மிஸ்டர் க்விஸ்ட்."

"எவ்வளவு அழுக்கு தெரியுமா, ஹார்லன்!" என்றாள் செல்மா. "இருபத்தாறு வருஷமா என் வீட்ல நான் தேய்க்காத ஒரே சாமான் அதுதான். அவர் தொடவே விடலை."

ஹார்லன் அவளைப் பார்த்துக் கத்தவில்லை. வங்கி மேனேஜருக்குக் கிடைத்தது அவளுக்குக் கிடைக்கவில்லை. பழக்கதோஷத்தில் காலிக் கோப்பையை எடுத்துக் கவிழ்த்தான், யாரும் எந்தக் கதையும் சொல்லாதபோதே. கண்ணாடிமேல் கண்ணாடி மாட்டினான். குண்டு பார்த்தான். எண்களைப் பார்த்தான், மூன்றும் ஒன்றாக இருந்தன. சுத்தியை இழுத்துக் கண்ணை மூடினான். நாலு சத்தமும் கடை முழுக்கக் கேட்டன. முகர்ந்தான்.

"எலுமிச்சம்பழம்" என்றான் மெதுவாக.

"பாத்திரம் தேய்க்கற பொடி" என்றாள் செல்மா.

அவன் அதை எவ்வளவு பதமாகத் துண்டின்மேல் வைத்தான் என்று நீங்கள் பார்த்திருக்கவேண்டும். அடிபட்ட பறவையை வைப்பதுபோல வைத்தான். பிறகு தன் காபிக் கோப்பையை எடுத்தான். இப்போது அவன் அந்த வார்த்தையைச் சொன்னால் போதும். காபி நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். இந்த நிலைமையில் ஏலத்தில் அது மலிவாகவே போகும், அவன் சேர்த்த பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கே வாங்கிவிடலாம். நிறம் போனால் என்ன, இருபத்தாறு வருஷமாக ஆசைப்பட்டது வீட்டுக்கு வந்துவிடும்.

குடிக்காமலே கோப்பையைக் கீழே வைத்தான்.

"போன மாசம் இது ஆயிரத்து நானூறு டாலர், செல்மா. இன்னிக்கு நானூத்தம்பது."

சொல்லிவிட்டான். அவ்வளவுதான், இனிமேல் அது எந்தக் காலத்திலும் அவனுக்கு இல்லை.

வெர்னன் எழுந்தேவிட்டான். "மீதி தொள்ளாயிரத்தம்பது எங்கே போச்சு?"

"உங்க அம்மா பாத்திரம் கழுவற தொட்டியில போச்சு, தம்பி."

"சரி, ஒரு ஐம்பது கூட்டிச் சொன்னா என்ன குறைஞ்சிடும்? ஐநூறுன்னு முழுசா..."

"அந்த ஐம்பது டாலர் இதுமேல எங்கேயும் இல்லையே. இருந்தா நான் எடுத்துக் காட்ட மாட்டேனா?" ஹார்லனின் குரல் உடைந்தது. "இதோட விலையைக் குறைக்கறதுல எனக்கு ஒரு லாபமும் இல்ல, வெர்னன். உலகத்துலயே கடைசியா நான் சொல்ல நினைச்ச விலை இதுதான்."

வெர்னன் அம்மாவைப் பார்த்தான், ரிவால்வரைப் பார்த்தான். பையன் அளக்கிறவன்தான், ஆனால் தன் வார்த்தையை மீறமாட்டான். பெருமூச்சு விட்டான். "ஐநூறுக்குக் கீழே. அப்ப உங்களோடதும்மா. என்னவோ பண்ணிக்கோங்க." தங்கைகளுக்குப் போன் பண்ண வெளியே போனான்.

செல்மா துண்டின் நான்கு முனைகளையும் சேர்த்து மூடி, பொட்டலத்தை ஹார்லன் பக்கம் தள்ளினாள்.

"இந்தா."

"என்ன இது? நான் விலை சொல்லிட்டேன், செல்மா. விலை சொன்னவன் வாங்கக் கூடாது."

"உன்னை யாரு வாங்கச் சொன்னா? நான் குடுக்கறேன். குடுத்தா வாங்கிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டியா என்ன?"

ஹார்லன் என்னைப் பார்த்தான். கடையே அவனைப் பார்த்தது. அப்படி ஒரு சட்டம் யாரும் போடவில்லை. ஹார்லன் கண்ணாடி இரண்டையும் கழற்றிவிட்டு அழுதான். நன்றாகவே அழுதான். மிளகுப்பொடி கண்ணில் விழுந்துவிட்டது என்றான். மிளகுப்பொடி அந்த மேஜையிலேயே இல்லை.

அவன் போனபின் செல்மா பாத்திரம் துடைக்க என்னோடு சமையலறைக்கு வந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏன் செல்மா, இருபத்தாறு வருஷம் அவன் பக்கத்து மேஜையில உக்காந்திருக்கே. தேய்க்காதீங்க, தேய்க்காதீங்கன்னு அவன் தொண்டை கிழியக் கத்தினது ஒரு தடவைகூடக் காதுல விழலையா?"

அவள் ஒரு தட்டைத் துடைத்து அடுக்கினாள். இன்னொன்றைத் துடைத்தாள்.

"ஆஸ்பத்திரியில ஆர்னே சொன்னாரு, விளையாட்டு போதும், அவன்கிட்ட குடுத்துடுன்னு. வாயாலதான் சொன்னாரு. வெர்னன்கிட்ட சொன்னா காகிதம் எங்கேம்பான்." தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கம்பி நார் மூணு போதும்னுதான் நினைச்சேன். மூணு தேஞ்சும் ஐநூறுக்கு மேலயே நிக்குமோன்னு பயம் வந்துடுச்சு. நாலாவதையும் எடுத்தேன்."

"அடிப்பாவி" என்றேன்.

"ஆர்னேக்குத் தெரிஞ்சா சிரிச்சே செத்திருப்பாரு. ஏற்கெனவே செத்துட்டாரு, என்ன பண்றது." சொல்லிவிட்டு அவளும் அழுதாள், நானும் அழுதேன். இரண்டு தட்டு உடைந்தது.

ஹார்லனுக்கு விஷயம் புரிய ஒரு வாரம் ஆயிற்று. அடுத்த சனிக்கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டு ரிவால்வரைத் திருப்பிக் காட்டினான். எண் குத்திய மூன்று இடத்தையும் கம்பி நார் தொடவில்லை. ஒவ்வொரு எண்ணையும் சுற்றி ஓரம் கட்டித் தேய்த்திருந்தாள். மூன்று சின்னத் தீவுகளாக அந்தத் தேன் நிறம் மிச்சமிருந்தது.

"அன்னிக்கு எண்ணை மட்டும்தான் படிச்சேன், சுத்தி இருந்த நிறம் கண்ணுல படலை. இந்த எண்ணு தேஞ்சா துப்பாக்கி குப்பைக்குத்தான் போகும்னு நான்தான் சொல்லுவேன், மேவிஸ். தெரியாம தேய்ச்சவ இதை மட்டும் ஏன் விடணும்?"

"கை வழுக்கியிருக்கும்" என்றேன்.

அவன் பக்கத்து மேஜையைப் பார்த்தான். செல்மா தலை நிமிராமல் பின்னிக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது. ஹார்லன் தன் காபியை எடுத்துக்கொண்டு, இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக ஜன்னலோரத்தை விட்டு எழுந்துபோய் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"அந்தப் பழுப்பு திரும்பி வர எத்தனை வருஷம் ஆகும்?" என்று கேட்டாள் செல்மா.

"தினம் கைபட்டா ஒரு எழுபது, எண்பது வருஷம்."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வரிசையை ஆரம்பித்தாள்.

இலையுதிர்காலத்தில் மான் வேட்டை தொடங்கும் நாள் வந்தது. கடையில் வெளியூர் வேட்டைக்காரர்கள் கூட்டம். ஹார்லன் அந்த ரிவால்வரை ஆர்னே வைக்கும் அதே இடத்தில், தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செல்மாவோடு உட்கார்ந்திருந்தான். சிகாகோவிலிருந்து வந்த ஒருவர் அதைக் குனிந்து பார்த்தார்.

"பழசு மாதிரி இருக்கு, ஆனா பளபளன்னு இருக்கே. இங்கே விலை சொல்றவர் நீங்கதான்னு சொன்னாங்க. இது எவ்வளவு பெறும் சார்?"

ஹார்லன் ரிவால்வரின்மேல் கையை வைத்தான். அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"காபி நல்லா இருக்கு, மேவிஸ்."

நான் காபி ஜாடியோடு அப்போதுதான் அந்த மேஜைக்கு வந்துகொண்டிருந்தேன். அவன் கோப்பை காலியாக இருந்தது.